உடற்கட்டும் அசைவின் தரமும்: யாழ்ப்பாணத்து ஆண், பெண் உடல்களை முன்வைத்து

யாழ்ப்பாணக் குடாநாட்டில் நாற்பது வயதைத் தாண்டிய நாலு பேர் கூடினால் நாரிப் பிடிப்பும் முழங்கால் நோவும் பேச்சில் வராமல் போவதில்லை. கோயிலில் விழுந்து கும்பிட்டு எழும்புபவர் தூணைத் தேடுகிறார். அன்னதானப் பந்தியில் சப்பாணி கட்டி இருக்க இயலாதவர் கதிரை கேட்கிறார். கிளினிக்குக்குப் போனால் பெரும்பாலும் ஒரே அறிவுரைதான்: நிறையைக் குறையுங்கள். ஆனால் நிறை கூடிய சிலர் நிலத்திலிருந்து கையூன்றாமல் எழும்புகிறார்கள். மெலிந்த பலருக்கு அது முடிவதில்லை. ஆண்களுக்கு எளிதான அசைவு பெண்களுக்குக் கடினமாகவும், பெண்களுக்கு எளிதானது ஆண்களுக்குக் கடினமாகவும் இருக்கிறது.

வளர்ந்தவர்களின் உடம்பில் கொழுப்பும் தசையும் என்ன அளவில், எந்த இடத்தில் இருக்கின்றன, அவர்கள் ஆணா பெண்ணா என்பவை அசைவின் தரத்தை எப்படித் தீர்மானிக்கின்றன என்பதை இந்தக் கட்டுரை ஆராய்கிறது. எனது முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தராசு காட்டும் நிறை அசைவைப் பற்றிக் குறைவாகவே சொல்கிறது. இடுப்புச் சுற்றளவையும் தசையையும் சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும். ஆணுக்கும் பெண்ணுக்கும் தடை விழும் மூட்டுகள் வேறு என்பதால், இருவருக்கும் ஒரே அறிவுரையைக் கொடுப்பது பிழை.

அசைவின் தரத்தை அளப்பது

எவ்வளவு தூரம் ஓடுகிறார், எத்தனை கிலோ தூக்குகிறார் என்பது உடலின் திறன். குந்தும்போது, எட்டி வைக்கும்போது, கையூன்றி எழும்பும்போது மூட்டுகள் ஒழுங்காகச் சேர்ந்து இயங்குகின்றனவா என்பது அசைவின் தரம். நூறு கிலோ தூக்குபவருக்கும் முறையாகக் குந்தத் தெரியாமல் இருக்கலாம்.

இதை அளப்பதற்கு உலகில் மிகப் பரவலாகப் பயன்படுவது, அமெரிக்க இயன்மருத்துவரான கிரே குக்கும் லீ பேர்ட்டனும் உருவாக்கி 2006 இல் விரிவாக வெளியிட்ட அசைவுச் சோதனை. ஆழக் குந்துதல், தடை தாண்டி அடி வைத்தல், ஒரே கோட்டில் கால் மடித்து இறங்குதல், முதுகுக்குப் பின்னால் இரு கைகளையும் நெருக்குதல், மல்லாந்து படுத்து நேர்க்காலை உயர்த்துதல், கையூன்றி உடலை ஒரே கட்டாக எழுப்புதல், நாலு காலில் நின்று கை கால்களை அசைத்தல் என அதில் ஏழு அசைவுகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை புள்ளி; மொத்தம் 21.

முதல் அசைவை நெருங்கிப் பார்ப்போம். நீண்ட தடி ஒன்றை இரு கைகளாலும் தலைக்கு மேலே பிடித்தபடி, குதிக்கால் நிலத்தை விட்டு எழாமல், தொடை கிடைமட்டத்துக்குக் கீழே போகும்வரை குந்த வேண்டும். முழங்கால்கள் பாதத்தின் நேரில் நிற்க வேண்டும், தடி முன்னால் சரியக் கூடாது. இப்படிச் செய்தால் 3. குதிக்காலுக்குக் கீழே பலகை வைத்தால்தான் முடியும் என்றால் 2. பலகை வைத்தும் முடியாவிட்டால் 1. நோவு வந்தால் 0. கணுக்கால், முழங்கால், இடுப்பு, முதுகு, தோள் என்று எல்லாவற்றையும் ஒரே அசைவில் இது சோதித்துவிடுகிறது.

பிள்ளையார் முன்னால் காதைப் பிடித்துத் தோப்புக்கரணம் போடும்போது தோளைத் தவிர இதே மூட்டுகள்தான் வேலை செய்கின்றன. முழுதாக இறங்கிய பிள்ளைப் பருவத்துக் குந்தல், வயது ஏற ஏற முழங்காலைச் சற்றே மடித்து எழும்பும் அடையாளச் சடங்காகச் சுருங்கிவிடுவதை எந்தக் கோயில் வீதியிலும் காணலாம்.

நிறைக்குள் இருப்பது என்ன

உடற்திணிவுச் சுட்டி உயரத்துக்கு ஏற்ற நிறையைத்தான் சொல்கிறது. அந்த நிறையில் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு என்று சொல்வதில்லை. தெற்காசியர் விடயத்தில் இந்தக் குறை பெரிது.

பூனா நகர மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த ஜோன் யூட்கினும் 2004 இல் லான்செற் மருத்துவ இதழில் தங்கள் இருவரின் படத்தையும் அளவுகளையும் வெளியிட்டார்கள். இருவருக்கும் உடற்திணிவுச் சுட்டி 22.3. யூட்கினின் உடலில் கொழுப்பு 9.1 வீதம், யாஜ்னிக்கின் உடலில் 21.2 வீதம். இந்த வேறுபாடு கருவிலேயே தொடங்குகிறது என்பதை யாஜ்னிக்கின் முந்தைய ஆய்வு காட்டியிருந்தது. பூனாவில் பிறந்த குழந்தைகளின் சராசரி நிறை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் பிறந்தவர்களின் நிறை 3.5 கிலோ. நிறை குறைந்த அந்தக் குழந்தைகளில் தசை பெரிதும் குறைந்திருந்தது, கொழுப்பு அந்த அளவுக்குக் குறைந்திருக்கவில்லை.

இதனால்தான் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004 இல் ஆசியருக்கு உடற்திணிவுச் சுட்டி 23 ஐத் தாண்டும்போதே கவனம் வேண்டும் என்றது. 165 சென்ரிமீற்றர் உயரமான ஒருவருக்கு அது ஏறத்தாழ 62½ கிலோ. அந்த நிறையில் நம்மூரில் ஒருவரைப் பார்த்து "நல்ல அளவான உடம்பு" என்றுதான் சொல்வோம். தெற்காசியருக்கு இடுப்புச் சுற்றளவின் எல்லை ஆணுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்ணுக்கு 80.

இலங்கையில் 2015 இல் நடந்த தொற்றா நோய்க் காரணிகள் பற்றிய நாடளாவிய ஆய்வில், வளர்ந்தோரில் ஏறத்தாழ பத்தில் மூவர் மிகை நிறையோடும் பத்தில் மூவர் போதிய உடலுழைப்பு இல்லாமலும் இருந்தார்கள். இரண்டிலும் பெண்களின் பங்கு ஆண்களைவிடக் கூட. இலங்கையரின் உடற்கொழுப்பை அளந்த ஆய்வுகளும், ஒரே உடற்திணிவுச் சுட்டியில் ஆணைவிடப் பெண்ணின் உடலில் கொழுப்பின் வீதம் கூட என்பதை உறுதிப்படுத்துகின்றன. இது நோயின் அறிகுறி ஆகாது. கர்ப்பத்துக்கும் பாலூட்டலுக்கும் வேண்டிய சேமிப்பு பெண்ணின் இயல்பான உடற்கட்டில் அடங்கியது. அந்தச் சேமிப்போடு எவ்வளவு தசை இருக்கிறது என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

கொழுப்பு அசைவைத் தடுக்கும் விதம்

முதலாவது தடை இடம் சம்பந்தமானது. குந்தும்போது தொடையும் வயிறும் நெருங்குகின்றன, கெண்டைக்காலும் தொடையும் நெருங்குகின்றன. வண்டி வைத்தவருக்கு இந்த நெருக்கம் முன்கூட்டியே வந்துவிடுகிறது. இடுப்பு மூட்டில் மடிய இன்னும் இடம் இருந்தாலும் வயிறு விடுவதில்லை.

இரண்டாவது, சமநிலை. வயிற்றில் சேரும் கொழுப்பு உடலின் ஈர்ப்பு மையத்தை முன்னே தள்ளுகிறது. அதை ஈடுசெய்ய நாரி உள்வளைகிறது, குந்தும்போது குதிக்கால் எழுகிறது. மூன்றாவது, சுமை. கையூன்றி எழும்பும்போது தசை தூக்க வேண்டியது சொந்த உடம்பைத்தான். கொழுப்பு கூடும்போது சுமை கூடுகிறது, தூக்கும் தசை அந்த அளவுக்குக் கூடுவதில்லை. முழங்கால் நோவுள்ள முதியவர்களை அமெரிக்காவில் ஆராய்ந்த மெஸ்ஸியர் குழுவினர் 2005 இல் வெளியிட்ட முடிவு இங்கே முக்கியம்: உடம்பு 1 கிலோ குறைந்தால், நடக்கும் ஒவ்வொரு அடியிலும் முழங்காலில் விழும் சுமை ஏறத்தாழ 4 கிலோ குறைகிறது. நான்காவது தடை வெளியே தெரியாது. கொழுப்பு தசைநார்களுக்கு இடையிலும் சேர்கிறது. அப்போது தசையின் பருமன் குறையாமலே அதன் வலு குறைகிறது.

கனடாவில் 622 வளர்ந்தோரிடம் செய்த அசைவுச் சோதனையின் முடிவுகளைப் பெரியும் கோலும் 2013 இல் வெளியிட்டார்கள். சராசரிப் புள்ளி 14.14. வயதும் உடற்திணிவுச் சுட்டியும் கூடக் கூடப் புள்ளி குறைந்தது. பிரித்தானியாவில் 10, 11 வயதுப் பிள்ளைகளிடம் செய்த ஆய்விலும் நிறை கூடிய பிள்ளைகளின் புள்ளி குறைவாக இருந்தது. ஆக, இந்தத் தொடர்பு முதுமைக்கு மட்டும் உரியது என்று தள்ளிவிட முடியாது.

ஆனால் எல்லா அசைவுகளும் ஒரே அளவில் பாதிக்கப்படுவதில்லை. குந்துதல், கால் மடித்து இறங்குதல், கையூன்றி எழும்புதல் போன்று சொந்த நிறையைச் சுமக்கும் அசைவுகளில்தான் கொழுப்பின் பாதிப்பு துலக்கமாகத் தெரியும். மல்லாந்து படுத்துக் காலை உயர்த்துவதில் அது குறைவு, ஏனென்றால் அங்கே தொடையின் பின்தசை எவ்வளவு நீள்கிறது என்பதே பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

ஆணும் பெண்ணும் வேறுபடும் இடங்கள்

நியூசிலாந்தில் 18 முதல் 40 வயது வரையான, உடலுழைப்புள்ள 209 பேரிடம் ஷ்னைடர்ஸ் குழுவினர் செய்த ஆய்வு 2011 இல் வெளிவந்தது. மொத்தப் புள்ளியின் சராசரி 15.7. அதில் ஆணுக்கும் பெண்ணுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் தனித்தனி அசைவுகளைப் பிரித்துப் பார்த்தபோது படம் மாறியது. தோளை வளைப்பதிலும் நேர்க்காலை உயர்த்துவதிலும் பெண்கள் முன்னே நின்றார்கள். கையூன்றி எழும்புவதிலும் நடுவுடலை நிலையாக வைத்திருப்பதிலும் ஆண்கள் முன்னே நின்றார்கள். கூட்டிப் பார்க்கும்போது ஒன்றை ஒன்று ஈடுசெய்து, வேறுபாடே இல்லாததுபோல் தோன்றிவிட்டது.

இதற்கான காரணத்தின் பெரும்பகுதி தசையில் இருக்கிறது. ஜான்சன் குழுவினர் 18 முதல் 88 வயது வரையான 468 பேரின் தசையை எம்.ஆர்.ஐ. மூலம் அளந்து 2000 இல் வெளியிட்டார்கள். ஆண்களின் சராசரி 33 கிலோ, பெண்களின் சராசரி 21 கிலோ. கீழுடலில் பெண்ணின் தசை ஆணைவிட 33 வீதம் குறைவு, மேலுடலில் 40 வீதம் குறைவு. கையூன்றி எழும்புவது பெண்ணுக்குக் கூடுதலாகக் கடினமாவது இதனால்தான். சோதனையை உருவாக்கியவர்களும் இதை ஏற்று, அந்த ஓர் அசைவில் மட்டும் ஆண் நெற்றியின் நேரிலும் பெண் நாடியின் நேரிலும் கையை ஊன்றலாம் என்று விதி வகுத்தார்கள்.

நம்முடைய வழிபாட்டு மரபிலும் இப்படி ஒரு பிரிவு உண்டு. ஆறுமுக நாவலரின் சைவ வினாவிடை, ஆண்களுக்கு அட்டாங்க நமஸ்காரத்தையும் பெண்களுக்குப் பஞ்சாங்க நமஸ்காரத்தையும் விதிக்கிறது. முன்னதில் தலை, இரு கைகள், இரு செவிகள், மோவாய், இரு தோள்கள் என எட்டு உறுப்புகள் நிலத்தில் பட வேண்டும். பின்னதில் தலை, இரு கைகள், இரு முழந்தாள்கள் என ஐந்து. நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களிலும் ஆண்கள் வீதியில் பிரதட்டை உருளுவதையும் பெண்கள் அடியழிப்பதையும் பார்க்கலாம். விதியின் காரணம் உடலியல் அன்று. ஆனாலும் விளைவு உடம்பில் தெரிகிறது. முழு உடலையும் கையூன்றி நிலத்திலிருந்து எழுப்பும் பயிற்சி ஆணுக்கு வாய்க்கிறது. முழங்காலில் இறங்கி முன்வளைந்து எழும்பும் பயிற்சி பெண்ணுக்கு வாய்க்கிறது. சோதனைக் கூடத்தில் பெண்ணின் பலவீனமாகக் காணப்பட்ட மேலுடல் வலுவுக்குத்தான் அன்றாட வாழ்வில் அவளுக்குப் பயிற்சி குறைவு.

பெண்ணின் மூட்டுகளில் நெகிழ்வு கூட என்பது நன்மை மட்டுமே என்று எண்ணிவிடக் கூடாது. அகன்ற இடுப்பும் நெகிழ்ந்த இணைப்பு நார்களும் சேரும்போது, குந்துகையில் முழங்கால் உள்நோக்கிச் சரியும் போக்கு பெண்களிடம் கூடுதல். திரும்பிக் குதிக்கும் விளையாட்டுகளில் முழங்காலின் முன் குறுக்கு நார் அறுவது பெண்களுக்கு ஆண்களைவிட 2 முதல் 8 மடங்கு கூட நேர்கிறது என்று வெவ்வேறு ஆய்வுகள் சொல்கின்றன. நமது பெண்கள் பாடசாலைகளில் அதிகம் ஆடப்படும் வலைப்பந்து இந்த வகை விளையாட்டுத்தான். மாதவிடாய் நின்ற பின்னர் கொழுப்பு தொடையிலிருந்து வயிற்றுப் பக்கம் இடம் மாறுகிறது, தசையும் விரைவாகக் குறைகிறது. ஐம்பதைத் தாண்டிய பெண், ஆணின் வண்டியையும் பெண்ணின் குறைந்த தசையையும் சேர்த்தே சுமக்கிறாள்.

வேலையும் வளர்ப்பும்

இந்த வேறுபாடுகள் எல்லாம் பிறப்பில் வந்தவை என்று சொல்ல முடியாது. யாழ்ப்பாணத்து வாழ்க்கை இந்த உடம்புகளைப் பல தலைமுறைகளாக வடித்திருக்கிறது.

இயந்திரம் வருமுன் தோட்டக் கிணறுகளில் ஆண்கள் துலா மிதித்தார்கள். பனை சீவுபவர்கள் தளைநாரைக் காலில் மாட்டி, நாளும் பல மரங்கள் ஏறி இறங்கினார்கள். பெண்கள் வலிகாமத்துச் செம்மண்ணில் குந்தியிருந்து வெங்காயம் நட்டார்கள், களை பிடுங்கினார்கள். வீட்டில் திருவலையில் இருந்து தேங்காய் துருவினார்கள், அம்மியில் அரைத்தார்கள், உரலில் இடித்தார்கள். உலக்கை பிடித்த கையின் தோள் வலுவை இன்றைய உடற்பயிற்சிக் கூடங்களில் பணம் கொடுத்துத் தேட வேண்டியிருக்கிறது.

இன்று சமையல் நின்றபடியே நடக்கிறது. மிக்சி அரைக்கிறது, மோட்டர் இறைக்கிறது, மலசலகூடத்தில் கொமட் வந்துவிட்டது. குடாநாடு மேடு பள்ளம் இல்லாத தட்டை நிலம். மலையகத்தவருக்கு வீட்டு வாசலிலேயே கிடைக்கும் ஏற்ற இறக்கம் இங்கே கிடையாது. அந்தக் குறையைச் சைக்கிள் ஓரளவு ஈடுசெய்தது. 1990களின் பொருளாதாரத் தடையில் பெற்றோல் இல்லாதபோது ஆணும் பெண்ணும் சைக்கிளிலேயே வாழ்ந்தார்கள். போர் முடிந்த பின் மோட்டார் சைக்கிளும் ஸ்கூட்டியும் அந்த இடத்தைப் பிடித்தன. 2022 இன் எரிபொருள் நெருக்கடியில் சைக்கிள் மீண்டும் வெளியே வந்தது, பெற்றோல் வந்ததும் மூலைக்குப் போனது.

பழையதெல்லாம் உடம்புக்கு நல்லது என்றும் நான் சொல்ல வரவில்லை. பீஜிங் முதியவர்களிடம் செய்து 2004 இல் வெளியான ஆய்வு, இளவயதில் நாளும் நெடுநேரம் குந்தியிருந்தவர்களிடம் முழங்கால் மூட்டுத் தேய்வு அதிகம் என்று கண்டது. மணிக்கணக்காகக் குந்தியிருந்து களை பிடுங்கும் பெண்ணுக்கு வேண்டியது ஓய்வும் இடைக்கிடை எழும்பி நடப்பதும். நாள் முழுவதும் கதிரையில் இருக்கும் உத்தியோகத்தருக்கு வேண்டியது சில நிமிடக் குந்தல்.

வளர்ப்பின் பங்கு இதைவிடக் கவலைக்குரியது. பெரியபிள்ளையானதும் சிறுமியின் ஓட்டமும் கிளித்தட்டும் பல வீடுகளில் நின்றுவிடுகின்றன. தசையும் என்பும் வேகமாகக் கட்டப்படும் பருவம் அதுதான். பரதநாட்டியம் பயில்பவர்களுக்கு அரைமண்டியும் முழுமண்டியும் இடுப்பையும் தொடையையும் காப்பாற்றித் தருகின்றன, மற்றவர்களுக்கு அதுவும் இல்லை. வாய்ப்புக் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் நம்மிடம் சான்று இருக்கிறது. ஈவினையில் பிறந்த தர்ஜினி சிவலிங்கம் இலங்கை வலைப்பந்து அணியை ஆசிய வெற்றிக்குக் கொண்டுபோனார். தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரி மாணவி அனித்தா ஜெகதீஸ்வரன் கோலூன்றிப் பாய்தலில் தேசியச் சாதனை படைத்தார். கோலூன்றிப் பாய்தலுக்கு வேண்டியதே தோளும் நடுவுடலும், அதாவது பெண்ணுக்குக் குறைவு என்று சோதனைகள் சொல்லும் அதே வலு.

சோதனைகளின் எல்லை

அசைவுச் சோதனையை அளவுக்கு மீறி நம்பியவர்களும் உண்டு. தொழில்முறை அமெரிக்கக் கால்பந்து (அமெரிக்கன் ஃபுட்பால்) வீரர்கள் 46 பேரிடம் கீசல் குழுவினர் செய்து 2007 இல் வெளியிட்ட ஆய்வு, 14 புள்ளியும் அதற்குக் கீழும் பெற்றவர்களுக்குக் காயம் அதிகம் என்றது. அன்றிலிருந்து 14 ஒரு மந்திர எண் ஆனது. பின்னர் வந்த மறுபார்வை ஆய்வுகள் அந்த எண்ணை வைத்துக் காயத்தை முன்கூட்டிச் சொல்ல முடியாது என்றன. அமெரிக்க மரைன் படையின் அதிகாரிப் பயிலுநர்களின் புள்ளிகளைப் பகுத்த 2014 ஆய்வு, ஏழு அசைவுகளும் ஒரே பண்பை அளக்கவில்லை, ஆகவே கூட்டுத்தொகைக்குப் பொருள் குறைவு என்று காட்டியது. ஆண், பெண் வேறுபாடு கூட்டுத்தொகையில் மறைந்துபோனதற்கும் இதுவே விளக்கம். ஒவ்வோர் அசைவையும் தனியே பார்ப்பதுதான் முறை.

நமது சூழலுக்கு இன்னும் பொருத்தமான ஒரு சோதனை பிரேசிலிலிருந்து வந்தது. நின்ற நிலையிலிருந்து இறங்கி நிலத்தில் இருக்க வேண்டும், மீண்டும் எழும்ப வேண்டும். இருப்பதற்கு 5, எழும்புவதற்கு 5 புள்ளி. கையோ முழங்காலோ ஊன்றும் ஒவ்வொரு முறைக்கும் 1 புள்ளி குறையும். 51 முதல் 80 வயது வரையான 2,002 பேரை ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்த அராவ்ஹோ குழுவினர் 2012 இல் சொன்னது: 1 புள்ளி கூடுதலாகப் பெற்றவருக்கு உயிர்வாழும் வாய்ப்பு 21 வீதம் கூட. தடி வேண்டாம், பலகை வேண்டாம், கருவி எதுவும் வேண்டாம்.

செய்ய வேண்டியவை

அரச சுகாதார சேவையின் ஆரோக்கிய வாழ்வு நிலையங்களில் நடுவயதினரின் உயரம், நிறை, இரத்த அழுத்தம், சீனி ஆகியவற்றைப் பார்க்கிறார்கள். அதோடு ஐந்து நிமிட அசைவுச் சோதனையையும் சேர்க்க வேண்டும்: நிலத்தில் இருந்து எழும்புதல், ஒரு முழுக் குந்தல், மேசை விளிம்பில் கையூன்றி எழும்புதல், முதுகுக்குப் பின் கை கோத்தல். தசை குறைந்தவர்களைக் கண்டுபிடிக்க 2019 இல் ஆசிய நிபுணர் குழு தந்த எளிய அளவுகளும் இருக்கின்றன. கெண்டைக்காலின் சுற்றளவு ஆணுக்கு 34, பெண்ணுக்கு 33 சென்ரிமீற்றருக்குக் குறைந்தாலோ, கதிரையிலிருந்து ஐந்து தரம் எழும்பி இருக்க 12 செக்கனோ அதற்கு மேலோ எடுத்தாலோ கவனிக்க வேண்டும்.

அறிவுரையையும் ஆளுக்கேற்ப மாற்ற வேண்டும். பெண்ணிடம் "நடவுங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்புவது போதாது. நடை தோளையும் நெஞ்சையும் வளர்க்காது. சுவரில், பிறகு மேசையில், பிறகு நிலத்தில் கையூன்றி எழும்பப் பழக்க வேண்டும், பாரம் தூக்கப் பழக்க வேண்டும். ஆணிடம் வண்டியைக் குறைக்கச் சொல்வதோடு, தொடையின் பின்தசையையும் தோளையும் கணுக்காலையும் நீட்டும் பயிற்சியைக் கொடுக்க வேண்டும். இருவரின் தட்டிலும் சோற்றுக்கும் பிட்டுக்கும் பக்கத்தில் மீனோ முட்டையோ பயறோ போதிய அளவு இருக்க வேண்டும். தசைக்கு வேண்டிய புரதம் அங்கிருந்துதான் வருகிறது. பட்டினி கிடந்து நிறை குறைப்பவர் கொழுப்போடு தசையையும் இழக்கிறார். தராசு மகிழ்விக்கும், முழங்கால் மகிழாது.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பெரியபிள்ளையான மகளை மைதானத்திலிருந்து கூப்பிட்டு எடுக்காதீர்கள். அவளுடைய ஐம்பதாவது வயது முழங்கால் பதினைந்தாவது வயதில்தான் கட்டப்படுகிறது. வாசகரிடமும் ஒன்று கேட்கிறேன். முழங்காலிலோ இடுப்பிலோ வருத்தம் இல்லையென்றால், இன்று பின்னேரம் வீட்டு விறாந்தையில் நிலத்தில் இருந்து எழும்பிப் பாருங்கள், பக்கத்தில் பிடிக்க ஒரு கதிரை இருக்கட்டும். எத்தனை தரம் கையூன்றினீர்கள் என்று எண்ணுங்கள். அந்த எண்ணைக் குறைக்கும் முயற்சியை நாளைக்கே தொடங்குங்கள்.